ஆக்சிஸ் அண்ட் அலைஸ் 1940: இன்டர்செப்ட் எப்போது, ஸ்க்ராம்பிள் எப்போது – முழுமையான வழிகாட்டி

சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஐந்து பேர் கூடி ஆக்சிஸ் அண்ட் அலைஸ் 1940 ஆடுகிறோம், இரண்டாம் உலகப் போரை வரைபடத்தில் காயும் டைஸும் வைத்து ஆடும் பலகை ஆட்டம் அது, ஐரோப்பா பெட்டியையும் பசிபிக் பெட்டியையும் சேர்த்து விரித்து. வரைபடம் மட்டுமே கிட்டத்தட்ட ஆறடி நீளம் வரும், அதனால் மேஜை கிடையாது, தரையில் பாய்தான். போன அக்னி நட்சத்திரத்தில், வெயில் தகிக்கிற ஒரு மதியம், ஜெர்மனி ஆடிய தம்பி மூன்று பாம்பரையும் (குண்டுவீச்சு விமானம்) இரண்டு ஃபைட்டரையும் (சண்டை விமானம்) லண்டன் மேல் அனுப்பினான். பிரிட்டன் ஆடிய அண்ணன் தன்னிடம் இருந்த ஐந்து ஃபைட்டரையும் எதிரே கிளப்பினார். "இன்னாண்ணா, ஏர்பேஸ்ல இருந்து மூணுக்கு மேல கிளம்பக் கூடாதே" என்று தம்பி சொன்னான். அண்ணன் "அது கடலுக்குடா" என்றார். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் ஆட்டம் நின்றுவிட்டது.

அண்ணன் சொன்னதுதான் சரி. ஆனால் ஏன் சரி என்று அன்று யாராலும் விளக்க முடியவில்லை, அவராலும்தான். இந்த ஆட்டத்தில் வான்சண்டை விதிகள் கஷ்டமானவை இல்லை, ஒவ்வொன்றையும் தனியாகப் படித்தால் ஐந்து நிமிஷத்தில் புரியும். சிக்கல் எங்கே என்றால், எதிரி விமானத்தை எதிர்கொள்ள இரண்டு தனித்தனி விதிகள் இருக்கின்றன, இரண்டிலும் ஃபைட்டர்தான் கிளம்புகிறது, அதனால் மனசுக்குள் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகிறது. இதைப் பிரித்துவிட்டால் சண்டை முக்கால்வாசி தீர்ந்துவிடும். நான் இங்கே சொல்வது 2012-இல் வந்த இரண்டாம் பதிப்பின் விதிகளை வைத்து. 1984-இல் வந்த பழைய பெட்டியை ஆடிப் பழகியவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், அதில் குண்டுவீச்சை எதிர்த்து ஃபைட்டர் கிளம்புவது என்பதே கிடையாது, விமான எதிர்ப்புப் பீரங்கி மட்டும்தான் சுடும்.

கோட்டையும் அகழியும்

வேலூர்க் கோட்டையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மதிலுக்கு உள்ளே இருப்பதைக் காப்பது ஒரு வேலை. மதிலைத் தாண்டி வெளியே அகழிக்குப் போய் அங்கேயே எதிரியை மடக்குவது வேறு வேலை.

முதலாவதுதான் இன்டர்செப்ட். எதிரி பாம்பர்கள் உங்கள் பிரதேசத்தில் இருக்கும் தொழிற்சாலையையோ, ஏர்பேஸையோ, கடற்படைத் தளத்தையோ குறிவைத்துக் குண்டுவீச வருகின்றன. அந்தப் பிரதேசத்திலேயே நிற்கும் உங்கள் ஃபைட்டர்கள் மேலே எழும்பி எதிர்கொள்ளலாம். இதற்கு ஏர்பேஸ் தேவையே இல்லை. எண்ணிக்கைக்கு வரம்பும் இல்லை, ஐந்து இருந்தால் ஐந்தும் போகலாம், ஒன்றும் போகாமலும் இருக்கலாம், முடிவு உங்களுடையது.

இரண்டாவது ஸ்க்ராம்பிள். இதற்கு ஏர்பேஸ் கட்டாயம், அதுவும் வேலை செய்கிற நிலையில் இருக்க வேண்டும். ஒரு ஏர்பேஸிலிருந்து அதிகபட்சம் 3 விமானம். அந்தப் பிரதேசத்தை ஒட்டிய கடல் மண்டலத்துக்கு மட்டும் போகலாம். அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறதே, தளம் நிலத்தில், அங்கிருந்து எழும்பும் விமானத்துக்கு வேலை கடல் மேல், அது மாதிரி. தம்பி சொன்ன அந்த "மூணு" இந்த விதியைச் சேர்ந்தது, குண்டுவீச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு வித்தியாசத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்டர்செப்ட் செய்ய ஃபைட்டரால் மட்டும்தான் முடியும். ஸ்க்ராம்பிளில் ஃபைட்டரோடு சின்ன பாம்பரான டாக்டிகல் பாம்பரும் போகலாம், பெரிய பாம்பர், அதாவது ஸ்ட்ராடஜிக் பாம்பர், இரண்டுக்கும் போகக் கூடாது.

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு ஓடி வந்தார், அன்றே நிலைமை தலைகீழாகிவிட்டது. இந்த ஆட்டத்தில் அது நடக்காது. லண்டன் மேல் குண்டு விழும்போது பக்கத்தில் ஸ்காட்லாந்தில் நிற்கும் ஃபைட்டர் உதவிக்கு வர முடியாது. எந்தப் பிரதேசம் தாக்கப்படுகிறதோ அங்கே நிற்பது மட்டும்தான் கணக்கு. இதை மறந்துவிட்டு ஃபைட்டர்களைப் பரப்பி நிறுத்திவிட்டுப் பின்னால் வருத்தப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வரிசைதான் உயிர்

எந்த முடிவு எப்போது எடுக்கப்படுகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் விதிப்புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்ட வேண்டாம்.

தாக்குபவர் தன் போர் நகர்வுகள் எல்லாவற்றையும் முடிக்கிறார். எந்த பாம்பர் குண்டுவீச்சுக்கு, எந்த ஃபைட்டர் அதற்குத் துணை, எது சாதாரணத் தரைச் சண்டைக்கு என்று எல்லாம் அப்போதே தெரிந்திருக்க வேண்டும். குண்டுவீச்சுக்குப் போகும் பாம்பரோ துணைக்குப் போகும் எஸ்கார்ட் ஃபைட்டரோ அந்த முறையில் (டர்னில்) வேறு சண்டையில் கலந்துகொள்ள முடியாது, அதே பிரதேசத்தில் தரைச் சண்டை நடந்தாலும்கூட.

நகர்வு முடிந்ததும், ஒரு டைஸ்கூட உருளுவதற்கு முன்னால், காப்பவர் ஸ்க்ராம்பிள் செய்கிறாரா இல்லையா என்று சொல்ல வேண்டும். எந்தத் தளத்திலிருந்து, எத்தனை விமானம், எந்தக் கடல் மண்டலத்துக்கு, எல்லாம் அப்போதே. அதற்கப்புறம்தான் போர்க் கட்டம் ஆரம்பிக்கிறது. அதில் முதலில் தீர்க்க வேண்டியது குண்டுவீச்சுகள், பிறகு கடல்வழித் தரையிறக்கம், பிறகு மற்ற சண்டைகள். இன்டர்செப்ட் முடிவு அந்தக் குண்டுவீச்சைத் தீர்க்கும் நேரத்தில் எடுப்பது, அதாவது ஸ்க்ராம்பிளுக்குப் பின்னால்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தானாக வெளியே வருகிறது. ஸ்க்ராம்பிளில் கடலுக்குப் போன ஃபைட்டர் இன்டர்செப்டுக்கு இல்லை, அது ஏற்கெனவே கிளம்பிவிட்டது. அடுத்தது, ஏர்பேஸைக் குண்டுவீசி முடக்கிவிட்டு அதே முறையில் கப்பலில் வந்து இறங்கலாம் என்று எல்லோருக்கும் ஒருமுறையாவது ஆசை வரும். முடியாது. குண்டு விழுவதற்கு முன்பே ஸ்க்ராம்பிள் நடந்து முடிந்துவிடுகிறது. இந்த ஆசையை நிறைவேற்ற வேறு வழி உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

குண்டுவீச்சை டைஸ் வரைக்கும் நடத்துவது

அந்த மே மாத மதியத்தையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனி பக்கம் 3 ஸ்ட்ராடஜிக் பாம்பர், 2 எஸ்கார்ட் ஃபைட்டர். பிரிட்டன் பக்கம் 5 ஃபைட்டர். குறி, லண்டன் இருக்கும் பிரதேசத்தின் பெரிய தொழிற்சாலை.

பிரிட்டன் எத்தனை ஃபைட்டரை மேலே அனுப்புகிறது என்று சொல்கிறது. ஒன்றும் அனுப்பவில்லை என்றால் வான்சண்டை கிடையாது, எஸ்கார்ட்டுகளுக்கு வேலை இல்லை, நேராக பீரங்கிக்குப் போய்விடலாம். அனுப்பினால் ஒரே ஒரு சுற்று வான்சண்டை. ஒரே சுற்று என்பதை அழுத்திச் சொல்கிறேன், சாதாரணச் சண்டை மாதிரி யாராவது அழியும் வரை தொடராது, பின்வாங்குவதும் கிடையாது.

அந்தச் சுற்றில் எல்லா விமானத்துக்கும் மதிப்பு 1 மட்டுமே (டைஸில் மதிப்பு எண்ணோ அதற்குக் குறைவோ விழுந்தால் அடி). ஃபைட்டருக்கு வழக்கமாகத் தாக்கும்போது 3, காக்கும்போது 4 இருக்கிறதே, அதெல்லாம் இங்கே செல்லாது. ஸ்ட்ராடஜிக் பாம்பரின் 4-உம் செல்லாது. பாம்பரும் இங்கே டைஸ் உருட்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆக ஜெர்மனிக்கு 5 டைஸ், பிரிட்டனுக்கு 5 டைஸ், 1 விழுந்தால் அடி. இரண்டு பக்கமும் சேர்ந்தே உருட்டி, அப்புறம் இழப்புகளை எடுக்க வேண்டும். எந்த விமானத்தை இழப்பது என்பதை அதன் சொந்தக்காரர்தான் தேர்ந்தெடுப்பார். ஜெர்மனி பக்கம் அடி விழுந்தால் அவர் எஸ்கார்ட் ஃபைட்டரை எடுத்து ஓரமாக வைக்கலாம், "நான் பாம்பரைத்தான் சுட்டேன்" என்று பிரிட்டன் சொல்ல முடியாது.

சரி, வான்சண்டை முடிந்தது. உயிரோடு இருக்கும் பாம்பர்கள் இப்போது குறிக்கு மேல் வருகின்றன. தொழிற்சாலைக்குள்ளேயே இருப்பதாகக் கருதப்படும் விமான எதிர்ப்பு அமைப்பு, தன்னைத் தாக்கும் பாம்பர் ஒவ்வொன்றுக்கும் ஒரு டைஸ் உருட்டுகிறது. 1 விழுந்தால் பாம்பர் போச்சு. எஸ்கார்ட்டை இது சுடாது. வரைபடத்தில் நீங்கள் 5 ஐபிசி (ஆட்டத்துப் பணம்) கொடுத்து வாங்கி வைக்கும் தனிப் பீரங்கிக் காய் இந்தக் குண்டுவீச்சில் கலந்துகொள்ளாது, அது தரைச் சண்டைக்கு வருகிற விமானங்களுக்கானது, அதிகபட்சம் 3 விமானத்தைத்தான் சுடும். எங்கள் பாயில் இந்த இரண்டையும் ரொம்ப நாள் கலந்து ஆடியிருக்கிறோம்.

தப்பித்த ஸ்ட்ராடஜிக் பாம்பர் ஒவ்வொன்றும் ஒரு டைஸ் உருட்டி, வந்த எண்ணோடு 2 கூட்டிக்கொள்ளும். அதுதான் சேதம். டாக்டிகல் பாம்பருக்கு அந்த 2 கிடையாது, டைஸில் வந்தது மட்டும், அதுவும் தொழிற்சாலையைத் தாக்க முடியாது, தளங்களை மட்டும்தான். சேதத்துக்கு உச்சவரம்பு உண்டு: பெரிய தொழிற்சாலைக்கு 20, சிறியதற்கு 6, ஏர்பேஸுக்கும் கடற்படைத் தளத்துக்கும் 6. தொழிற்சாலையில் ஒவ்வொரு சேதமும் அங்கே செய்யக்கூடிய காய்களில் ஒன்றைக் குறைக்கும். தளங்களில் 3 சேதம் வந்துவிட்டால் தளம் முடங்கிவிடும். ஒரு சேதத்தைச் சரிசெய்ய 1 ஐபிசி.

கிளம்பலாமா, வேண்டாமா

விதி தெரிந்தவர்கள்கூட இங்கேதான் தவறுகிறார்கள், எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்த கணக்கும் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

தாக்குபவர் உருட்டும் டைஸ் அவர் அனுப்பிய விமானங்களின் எண்ணிக்கை. நீங்கள் ஒரு ஃபைட்டரை அனுப்பினாலும் ஐந்தை அனுப்பினாலும் அந்த எண்ணிக்கை மாறாது. அப்படியென்றால் முதல் ஃபைட்டரை அனுப்பும் நிமிஷத்திலேயே ஆபத்தில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள், அதற்கு மேல் அனுப்பும் ஒவ்வொரு ஃபைட்டரும் உங்களுக்கு ஒரு கூடுதல் டைஸ். எனவே "சும்மா இரண்டு மட்டும் அனுப்புவோம்" என்பது பெரும்பாலும் மோசமான முடிவு. அனுப்பினால் எல்லாவற்றையும், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம். அதே முறையில் அந்தப் பிரதேசத்தின் மேல் தரைத் தாக்குதலும் வருகிறது, ஃபைட்டரை இழந்தால் ஊரே போய்விடும் என்ற நிலை மட்டும் இதற்கு விலக்கு, அப்போது யோசிக்க வேண்டும்.

இப்போது எஸ்கார்ட் இல்லாமல் 3 பாம்பர் மட்டும் வருகிறது, உங்களிடம் 5 ஃபைட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரியின் 3 டைஸில் சராசரியாக அரை ஃபைட்டர் போகும், அதாவது 5 ஐபிசி. உங்கள் 5 டைஸில் சராசரி 0.83 பாம்பர், ஒரு பாம்பர் 12 ஐபிசி என்பதால் கிட்டத்தட்ட 10. அதோடு அந்த பாம்பர் போட்டிருக்க வேண்டிய சேதமும் மிச்சம்: பீரங்கி ஆறில் ஒன்றைச் சுட்டுவிடும் என்பதையும் சேர்த்தால் ஒரு பாம்பரின் சராசரி சேதம் 4.6 அளவுக்கு வரும். தயங்காமல் கிளம்புங்கள்.

அதே 3 பாம்பரோடு 2 எஸ்கார்ட் சேர்ந்தால் படமே மாறிவிடுகிறது. எதிரிக்கு 5 டைஸ், நீங்கள் சராசரியாக 0.83 ஃபைட்டரை இழக்கிறீர்கள். நீங்கள் கொடுக்கும் முதல் இரண்டு அடியையும் எஸ்கார்ட் வாங்கிக்கொள்ளும். பாம்பர் மேல் கை வைக்க வேண்டுமென்றால் 5 டைஸில் குறைந்தது மூன்றிலாவது 1 விழ வேண்டும், அதற்கு வாய்ப்பு 100-க்கு 3.5 மட்டுமே. அன்று அண்ணனுக்கு விதிப்படி ஐந்தையும் அனுப்ப உரிமை இருந்தது, ஆனால் தொழிற்சாலையைக் காப்பாற்ற அனுப்பினேன் என்றால் அது நடக்காத காரியம். ஃபைட்டருக்கு ஃபைட்டர் மாற்றிக்கொள்வதற்காக அனுப்பினேன் என்றால் ஒப்புக்கொள்ளலாம், ரஷ்யாவோடு ஜெர்மனி மோதிக்கொண்டிருக்கும்போது அங்கே ஒரு ஃபைட்டர் குறைவது பெரிய விஷயம்.

எஸ்கார்ட் ஏன் எல்லா முறையும் கூட வருவதில்லை? தூரம். ஸ்ட்ராடஜிக் பாம்பருக்கு 6 நகர்வு, ஃபைட்டருக்கு 4. ஏர்பேஸிலிருந்து கிளம்பினால் இரண்டுக்கும் ஒன்று கூடும். போய் வருவதற்கும் சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கை, தீவிலிருந்து கிளம்பினால் சுற்றியுள்ள கடல் மண்டலமே ஒரு நகர்வு. அதனால் பாம்பர் போகும் எல்லா இடத்துக்கும் ஃபைட்டர் போக முடியாது. உண்மையான போரிலும் இதுதான் கதை. 1940-இல் லண்டன் மேல் வந்த ஜெர்மன் ஃபைட்டர் மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கு அங்கே நின்று சண்டை போட எரிபொருள் சில நிமிஷம்தான் தாங்கியது. 1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மன் நகரமான ஷ்வைன்ஃபுர்ட் மேல், துணை ஃபைட்டர்கள் பாதியிலேயே திரும்பிவிட்ட பின் போன அமெரிக்க பி-17 பாம்பர்களில் 60 திரும்பவே இல்லை. கூடுதல் எரிபொருள் தொட்டியோடு முஸ்டாங் ஃபைட்டர் வந்த பிறகுதான் அந்த நிலைமை மாறியது. விதியை எழுதியவர்கள் நகர்வு எண்ணுக்குள் இதைப் பொதிந்து வைத்திருக்கிறார்கள்.

ஸ்க்ராம்பிளில் மறக்கக் கூடாதவை

இங்கே விமானங்கள் தங்கள் வழக்கமான மதிப்போடு சண்டை போடும், ஃபைட்டர் 4, டாக்டிகல் பாம்பர் 3. சண்டை எத்தனை சுற்று வேண்டுமானாலும் போகும், அது சாதாரணக் கடற்சண்டைதான். நகர்வு எண்ண வேண்டியதில்லை.

கடலில் உங்கள் கப்பல் தாக்கப்பட்டால் ஸ்க்ராம்பிள் செய்யலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். உங்கள் கப்பலே இல்லாத கடல் மண்டலத்திலிருந்து எதிரி தரையிறங்க வந்தாலும் செய்யலாம் என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அவர் முதலில் கடற்சண்டை போட்டு ஜெயித்தாக வேண்டும். கடற்சண்டை நடந்துவிட்டால் அவருடைய போர்க்கப்பல்கள் கரையைச் சுடுவதும் ரத்து. ஒரே ஒரு ஃபைட்டரை அனுப்பி, இரண்டு க்ரூஸரும் ஒரு பேட்டில்ஷிப்பும் கரையைச் சுட முடியாமல் செய்துவிடலாம், அந்த ஃபைட்டர் போனாலும் பல இடங்களில் அது லாபம்தான். தரைக்கு என்று அனுப்பிய விமானத்தை எதிரி இந்தக் கடற்சண்டைக்குத் திருப்பக் கூடாது. ஸ்க்ராம்பிள் வரும் என்று எதிர்பார்த்தால், போர் நகர்விலேயே கடலுக்கென்று தனியாக விமானம் அனுப்பி வைத்திருக்க வேண்டும்.

தண்ணீருக்கடியில் நீர்மூழ்கி மட்டும் இருந்தால் கவனம். உங்கள் பக்கம் டெஸ்ட்ராயர் (நாசகாரிக் கப்பல்) இல்லையென்றால் விமானத்தால் அதை அடிக்க முடியாது.

சண்டை முடிந்ததும் விமானம் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். அந்த இடம் எதிரி கைக்குப் போயிருந்தால் ஒரு நகர்வு தூரத்தில் நட்பு நிலமோ விமானந்தாங்கிக் கப்பலோ இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் விமானம் போச்சு.

ஏர்பேஸை முடக்கி இறங்குவது

முன்னால் சொன்னேனே, அதே முறையில் முடியாது என்று. ஆனால் கூட்டாளியை வைத்து முடியும். ஆட்ட வரிசை இது: ஜெர்மனி, சோவியத், ஜப்பான், அமெரிக்கா, சீனா, பிரிட்டன், இத்தாலி, ஆன்சாக் (ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்), பிரான்ஸ். ஜெர்மனி போய் லண்டன் ஏர்பேஸை அடித்தால், மறுபடி ஜெர்மனி வருவதற்குள் பிரிட்டனின் முறை வந்துவிடும், அவர் காசு கொடுத்துச் சரிசெய்துவிடுவார். இத்தாலி அடித்தால்? இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் பிரிட்டனின் முறை வரவே வராது. ஒரே ஒரு இத்தாலிய பாம்பர் தப்பித்து வந்தால் போதும், மிகக் குறைந்த டைஸ் 1 விழுந்தாலும் 2 கூட்டினால் 3 சேதம், தளம் முடங்கிவிடும். அடுத்து வரும் ஜெர்மனி கடல்வழியாக வந்து இறங்கும்போது அந்தத் தளத்திலிருந்து ஒரு ஃபைட்டரும் எழும்பாது.

நேச நாடுகளுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. அமெரிக்கா மேற்கு ஜெர்மனியின் ஏர்பேஸை அடிக்கட்டும், பிரிட்டன் தன் முறையில் இறங்கட்டும், நடுவில் இருப்பது சீனா மட்டும்.

அதனால் பிரிட்டன் ஆடுகிறீர்கள் என்றால், தனியாக, எஸ்கார்ட் இல்லாமல் ஒரு இத்தாலிய பாம்பர் உங்கள் ஏர்பேஸை நோக்கி வரும்போது அதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். அங்கே நிற்கும் எல்லா ஃபைட்டரையும் கிளப்புங்கள். 5 ஃபைட்டர் இருந்தால் அதைச் சுட 100-க்கு 60 வாய்ப்பு, தப்பித்தால் தளத்தின் பீரங்கிக்கு இன்னொரு டைஸ். போன வாரம் அண்ணன் அப்படித்தான் செய்தார். தம்பி இந்த முறை எண்ணிக்கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ஐந்து டைஸும் உருளுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது டைஸில் ஒன்று விழுந்தது.